பல்லைச் சீவுவதற்கு முன் அக்காவிடம் கேள்

தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் என்றாலே எங்கள் கிளினிக் போன் ஓயாது. தை பிறந்து கல்யாணத் தேதிகள் குறிக்கத் தொடங்கினால் கேட்கவே வேண்டாம். “அக்கா, வெனியர் ஒரு பல்லுக்கு எவ்வளவு?” “ஒரே நாளில் வெள்ளையாக்கித் தருவீங்களா?” “டிக்டாக்கில் ஆயிரம் வெள்ளிக்கு எட்டுப் பல்லுன்னு போட்டிருக்கே, நீங்க மட்டும் ஏன் இவ்வளவு சொல்றீங்க?” போர்ட் கிள்ளானில் பல் மருத்துவருக்குப் பக்கத்தில் உதவியாளராக நிற்கிற எனக்கு இந்தக் கேள்விகள் மனப்பாடம். மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, அவர் அடுத்த அறைக்குப் போனதும் வாயில் பஞ்சோடு என்னிடம் கேட்பவர்கள்தான் அதிகம்.

அவர்களுக்குச் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன், தங்கச்சி. எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் முதலில் ஒன்றைக் கேள்: செய்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் பழைய பல் திரும்பக் கிடைக்குமா? ஸ்கேலிங், வெள்ளையாக்குவது, பிரேசஸ் இவற்றில் பல்லைச் சீவும் வேலை பொதுவாக இல்லை. வெனியர், கிரௌன், பல் பிடுங்குவது இவையெல்லாம் போனால் போனதுதான். பல்லின் மேலே இருக்கும் எனாமல், நகம் முடி மாதிரி மறுபடி வளராது. அதனால் திரும்ப வராததைக் கடைசியில் வை. முதலில் சுத்தமும் பழுது பார்ப்பதும், அதன் பிறகு வரிசை, பிறகு நிறம். இவ்வளவும் முடிந்த பிறகும் குறை தெரிந்தால் மட்டும் வெனியர் பேச்சை எடு.

“ஸ்கேலிங் செய்தால் பல் ஆடுமாமே?”

நம் ஆட்களிடம் இந்தப் பயம் நிறைய. பல்லில் படியும் மாவு போன்ற படலத்தை அன்றன்றே தேய்த்து எடுக்காவிட்டால், எச்சிலில் இருக்கும் கால்சியம் சேர்ந்து அது கல்லாக இறுகிவிடும். பிரஷ்ஷால் அதை அசைக்க முடியாது. கல் ஈறுக்கு அடியில் போகப் போக ஈறு வீங்கும். நாளடைவில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் கரையும். எலும்பு கரைந்த பல்லை வெளியே கல்தான் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் பல் ஆடுவது தெரிகிறது. ஆடவைத்தது ஸ்கேலிங் இல்லை, வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்த கல்.

ஸ்கேலிங் முடிந்ததும் நாக்கு பல்லிடுக்கைத் தடவிப் பார்க்கும். ஏதோ ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். கல் அடைத்திருந்த இடம் அது. ஒரு வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசலாம். பிறகு சரியாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுக் கணக்கு. ஈறு நோய் உள்ளவர்களை மூன்று நான்கு மாதத்தில் வரச் சொல்வார்கள்.

“தேய்த்தால் ரத்தம் வருகிறது. அந்த இடத்தை விட்டுவிடவா?”

விடாதே. ரத்தம் வரும் இடம்தான் சுத்தமாகாத இடம். மெல்லிய பிரஷ்ஷால், ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய். இடுக்கில் ஃப்ளாஸ் நூலோ குட்டி இடுக்குப் பிரஷ்ஷோ போடு. ஈறு லேசாக வீங்கியிருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் உள்ளே கல் இருக்கிறது. கிளினிக்குக்கு வா.

இனிப்புநீர் இருக்கிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2019இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 சதவிகிதம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையை அடக்குவதும் கஷ்டம். அம்மா அப்பாவைப் பல் கிளினிக்குக்கு அழைத்து வரும்போது அவர்களின் மருந்து அட்டையையும் கையோடு கொண்டு வா. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான மாத்திரை, இருதய வால்வு ஆபரேஷன் எதையும் மறைக்கக் கூடாது. பல் பிடுங்கும் நாளில் வெறும் வயிற்றோடு வருவதும், “ஊசி போடுவாங்களே” என்று அன்றைய மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருவதும் ஆபத்து. மருத்துவர் நிறுத்தச் சொன்னால் மட்டுமே நிறுத்த வேண்டும்.

“எந்தப் பேஸ்ட் நல்லது?”

விளம்பரத்தைப் பார்க்காதே. பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். ஃப்ளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் வரை என்று இருந்தால் போதும், விலை மலிவானதே வாங்கு. மூலிகைப் பேஸ்ட் என்றால் அதிலும் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று பார். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பு, அவ்வளவுதான். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடு கழுவிக்கொண்டு போய்விடும். காலையில் அவசரத்தில் குறைந்தாலும் பரவாயில்லை, இரவில் தேய்க்காமல் படுக்காதே. தூங்கும்போது எச்சில் குறைந்துவிடுவதால் பல்லுக்குக் காவல் இல்லாத நேரம் அது.

இங்கே பலர் யோசிக்காத ஒரு சங்கதி உண்டு. மலேசியாவில் குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு சேர்க்கும் தேசியத் திட்டத்துக்கு 1972இல் ஒப்புதல் கிடைத்தது. 2005இல் அளவை 0.7லிருந்து 0.5 பிபிஎம்முக்குக் குறைத்தார்கள். ஆனால் இன்று வீட்டுக்கு வீடு மாதத் தவணையில் தண்ணீர் ஃபில்டர். அதில் ‘ஆர்.ஓ.’ வகை என்றால் ஃப்ளோரைடில் பெரும்பகுதியும் போய்விடும். ஃபில்டரை எடுத்து வீசச் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேஸ்ட்டில் ஃப்ளோரைடு கட்டாயம் இருக்கட்டும் என்கிறேன்.

“மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போயிடுமா?”

பாட்டி காலத்திலிருந்து வரும் கேள்வி. போகாது. மேல் பல்லுக்கும் கண்ணுக்குக் கீழே உள்ள சதைக்கும் உணர்வு தருவது ஒரே நரம்பின் கிளைகள். அதனால்தான் மேல் பல் வலி கண் வரை தெறிக்கிறது. பார்வைக்கான நரம்பு முற்றிலும் வேறு. பயப்படவேண்டியது பிடுங்குவதற்கு அல்ல, சீழ் பிடித்த மேல் பல்லை அப்படியே விட்டுவைப்பதற்கு. அந்த வீக்கம் கண்ணுக்கு அடியில் ஏறும்.

கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியவில்லை என்றால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதே. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போ. பல்லில் தொடங்கிய சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்துவிடும்.

சாதாரண வலிக்குப் பனடோல் போடலாம். ஆனால் விழுங்க வேண்டும். மாத்திரையை வலிக்கிற இடத்தில் அடக்கி வைத்துக்கொண்டு, ஈறு வெள்ளையாக வெந்துபோய் வருகிறவர்களைப் பார்க்கிறேன். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரக்கவைக்கும், அதிகம் தடவினால் அதுவும் புண்ணாக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைத் தேடிப் போடாதே. பல்லுக்குள் இருக்கும் அழுகலை மாத்திரை எடுக்காது. வலி அடங்கியதும் நீயும் மறந்துவிடுவாய், நோய் உள்ளேயே இருக்கும்.

பிடுங்கிய பிறகு பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடி. அன்று முழுதும் கொப்பளிக்காதே, காறித் துப்பாதே, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதே, சிகரெட்டும் வேப்பும் கூடாது. குழியில் உறையும் ரத்தம்தான் காயத்துக்கு மூடி. அது பெயர்ந்தால் இரண்டு மூன்று நாள் கழித்து உயிர் போகிற வலி வரும். உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்துதான்.

காப்பாற்ற முடிகிற பல் என்றால் பிடுங்கச் சொல்லி நீயாகக் கேட்காதே. ரூட் கெனால் என்றதும் நடுங்குகிறார்கள். மரக்க ஊசி போட்டபின் அந்த வேலை பெரும்பாலும் பல் அடைப்பது போலத்தான், நேரம் மட்டும் கூடும். கடைவாய்ப் பல்லில் மூன்று நான்கு வேர்க்குழாய் இருப்பதால் இரண்டு மூன்று தடவை வரவேண்டியிருக்கும். முடித்த கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கிரௌன் போட்டுவிடு. போடாமல் விட்டு, முறுக்கு கடித்துப் பல் இரண்டாகப் பிளந்து வருபவர்கள் உண்டு.

“வயிற்றில் பிள்ளை இருக்கு. பல் வைத்தியம் பார்க்கலாமா?”

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை உட்காரவும் படுக்கவும் வசதியான காலம். அவசரம் என்றால் எந்த மாதமும் பார்க்கலாம். வழக்கமான மரக்க ஊசியால் பிள்ளைக்குத் தீங்கில்லை. குழந்தை அம்மாவின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுகிறது என்பது கட்டுக்கதை. ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சுலபமாக வீங்குகிறது, மசக்கை வாந்தியின் அமிலம் எனாமலை அரிக்கிறது. வாந்தி எடுத்ததும் உடனே பிரஷ்ஷை எடுக்காதே. வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் தேய். வெள்ளையாக்குவதெல்லாம் பிள்ளை பிறந்து, பால் கொடுப்பதும் நின்ற பிறகு.

“பால் பல்தானே, விழத்தானே போகுது?”

ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் உள்ள பல். இன்றே பிள்ளையின் வாயைத் திறந்து கடைசிப் பல்லைப் பார். பள்ளங்கள் ஆழமாக இருந்தால் சொத்தை வருமுன்னே அதை மூடிவைக்க முடியும். தூக்கத்தில் பால் புட்டி, அதிலும் இனிப்புப் பால், மைலோ கலந்தது என்றால் முன்பற்கள் நான்கும் கரும்பழுப்பாகக் கரைந்துவிடும்.

அரசாங்கப் பல் குழு பள்ளிகளுக்கு வந்து இலவசமாகப் பார்க்கிறது, நம் தமிழ்ப்பள்ளிகளுக்கும்தான். அதற்கான சம்மதக் கடிதம் புத்தகப் பைக்குள் கசங்கிக் கிடக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பந்து விளையாடி முன்பல் முழுதாக விழுந்துவிட்டதா? பால் பல் என்றால் திரும்பச் சொருகாதே. நிரந்தரப் பல் என்றால் வெள்ளைப் பகுதியைப் பிடித்துத் தூக்கு, வேரைத் தொடாதே, தேய்த்துக் கழுவாதே. முடிந்தால் குழியிலேயே திரும்ப வை. இல்லையென்றால் பசும்பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடு. அரை மணி நேரத்துக்குள் வந்தால் அந்தப் பல் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் குறைந்துகொண்டே போகும்.

“டிக்டாக்கில் வருகிற மாதிரி வெள்ளையாக வேண்டும்”

நிறம் பார்க்கும் அட்டை ஒன்று எங்களிடம் இருக்கிறது. விசிறி மாதிரி விரியும், அதில் பதினாறு பொய்ப் பற்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லோரம் வைத்துக் கண்ணாடியில் காட்டுவேன். நம் ஆட்களில் பலருக்கு ‘ஏ2’, ‘ஏ3’ பக்கத்தில் வந்து நிற்கும், கொஞ்சம் மஞ்சள் சாயல். அது அழுக்கு இல்லை. எனாமலுக்கு அடியில் உள்ள பாகமே மஞ்சள்தான், வயதாகி எனாமல் தேயத் தேய அது கூடுதலாகத் தெரியும். டிக்டாக் வெள்ளை அந்த அட்டையிலேயே இருக்காது. அதற்கென்று தனியாக ‘பிளீச்’ நிறங்கள் உண்டு. உன் கண்ணின் வெள்ளையைப் பார், பல் அதைவிட வெள்ளையாக இருந்தால் பத்தடி தூரத்திலேயே பொய் என்று தெரிந்துவிடும்.

தே தாரிக், கோப்பி, சிகரெட், மஞ்சள் போட்ட குழம்பு இவை மேலே படியவைத்த கறை ஸ்கேலிங்கிலும் பாலிஷிலும் போய்விடும். பாதிப் பேருக்கு அதுவே போதும் என்று தோன்றிவிடுகிறது, காசும் மிச்சம். அதற்கும் மேல் வேண்டும் என்றால் இரண்டு வழி. கிளினிக்கில் ஒரே நாளில் செய்வது ஒன்று. உன் பல்லின் அளவெடுத்துச் செய்த மெல்லிய தட்டில் ஜெல் போட்டு வீட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்துக்கொள்வது இன்னொன்று. வீட்டு முறைக்குப் பெரும்பாலும் 10 சதவிகிதக் கார்பமைடு பெராக்சைடு கொடுப்பார்கள். இரண்டிலும் சில நாள் கூச்சம் இருக்கும். எதுவும் நிரந்தரம் இல்லை, தே தாரிக் தொடர்ந்தால் நிறம் மெல்லத் திரும்பும். சிகிச்சை முடிந்த இரண்டு நாளைக்கு இட்லி தேங்காய்ச் சட்னி, தயிர்ச் சோறு என்று இரு, சாம்பாரைத் தள்ளி வை.

பழைய அடைப்பும் கிரௌனும் வெள்ளையாகாது. முன்பல்லில் அடைப்பு இருந்தால் முதலில் வெள்ளையாக்கி, இரண்டு வாரம் விட்டு, புது நிறத்துக்கு அடைப்பை மாற்ற வேண்டும். சொத்தையும் ஈறு நோயும் இருக்கும்போது ஜெல்லை வைத்தால் துடித்துப்போவாய்.

எலுமிச்சையும் சோடா மாவும் கலந்து தேய்ப்பது, கரித்தூள், ஷாப்பியில் வரும் பெயர் தெரியாத ஜெல் எதுவும் வேண்டாம். எலுமிச்சை எனாமலை இளக்கும், தூள் அதைச் சுரண்டும். எனாமல் மெலிந்தால் அடியில் உள்ள மஞ்சள் இன்னும் பளிச்சென்று தெரியும்.

“பிரேசஸ் வெளியே மலிவாகப் போடுறாங்களே?”

2017இல் மலாக்காவில் இருபது வயதுப் பெண் ஒருவர் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு பிரேசஸ் போட்டு மாட்டினார். நீதிமன்றம் விதித்த அபராதம் 70,000 வெள்ளி. அதற்குப் பிறகும் அந்தத் தொழில் நிற்கவில்லை. கலர் ரப்பர் போட்ட ஃபேஷன் பிரேசஸ் ஹோட்டல் அறையிலும் அழகு நிலையத்திலும் இன்னும் ஒட்டப்படுகிறது. 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவில்லாமல் பல் மருத்துவம் பார்த்தால் 300,000 வெள்ளி வரை அபராதம், ஆறு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் ஆட்டம் கண்ட உன் பல்லை அந்தத் தீர்ப்பு சரிசெய்து தராது.

பிரேசஸ் பல்லை எலும்புக்குள் நகர்த்துகிறது. அழுத்தும் பக்கம் எலும்பு கரையும், விட்ட பக்கம் புது எலும்பு வளரும். அதனால்தான் எக்ஸ்ரே எடுக்காமல் தொடங்கக் கூடாது. அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குகிறார்கள், முடிய ஒன்றரை இரண்டு வருஷம் பிடிக்கிறது. வேகமாக இழுத்தால் வேர் தேய்ந்து பல் ஆடும். அச்செடுத்துத் தபாலில் அனுப்பினால் அலைனர் வரும் என்கிற விளம்பரத்துக்கும் இதே கேள்வியைப் போடு: என் எலும்பை யார் பார்த்தார்?

முப்பது வயதாகிவிட்டது என்று தயங்காதே, ஈறு நன்றாக இருந்தால் நாற்பதிலும் போடலாம். கழற்றிய பிறகு கொடுக்கும் ரிட்டெய்னரை மட்டும் விட்டுவிடாதே. முதலில் முழு நேரம், பிறகு இரவு நேரம். அதை டிஷ்யூவில் சுற்றி மாமாக் கடை மேசையிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம். ஒரு டப்பாவில் போட்டுக் கைப்பையில் வை.

“கல்யாணத்துக்கு வெனியர் போடட்டுமா?”

இங்கேதான் உன்னை உட்காரவைத்துப் பேசவேண்டியிருக்கிறது. பீங்கான் வெனியர் என்பது பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு. அது புடைத்துத் தெரியாமல் இருக்கப் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமலைச் சீவ வேண்டும். வைர முனை சுழலும்போது தண்ணீரோடு சேர்ந்து வரும் வெள்ளைத் தூளை நான்தான் குழாய் பிடித்து உறிஞ்சி எடுப்பேன். அந்தத் தூள் உன் பல். இருபத்தைந்து வயதில் போட்டால் பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டும், பிறகு இன்னொரு முறை. முதல் பில்லைக் கட்டும்போதே அடுத்த பில்லும் எழுதப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்.

உடைந்த பல், பிறவியிலேயே எனாமல் குறை, சிறு வயது மாத்திரையால் ஏறிய சாம்பல் நிறம், வெள்ளையாக்கியும் போகாத கறை இவற்றுக்கு வெனியர் நல்ல வைத்தியம். கோணலை மறைக்க வேண்டும் என்றால் பிரேசஸ். இரண்டு பல்லுக்கு நடுவே சின்ன இடைவெளி, முனை கொஞ்சம் சில்லுப்போயிருக்கிறது என்றால் ‘பாண்டிங்’ போதும். பல் நிறப் பசையை ஒட்டி வடிவம் கொடுப்பார்கள், சீவுவது மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. அது சீக்கிரம் கறை பிடிக்கும், சில வருஷத்தில் புதுப்பிக்க வேண்டும். ஆனால் உன் பல் உன்னிடமே இருக்கும்.

நல்ல கிளினிக்கில் பீங்கான் வெனியர் ஒரு பல்லுக்கே ஆயிரம் வெள்ளியை ஒட்டியோ தாண்டியோ வரும். ஆயிரத்துக்கு எட்டு என்றால் வேறு எதையோ ஒட்டுகிறார்கள். அப்படி ஒட்டிக்கொண்டு வருபவர்களின் வாயில் பல் தனித்தனியாக இருக்காது. பசை ஈறு மேல் வழிந்து எல்லாம் ஒரே பாளமாக இருக்கும், ஃப்ளாஸ் நுழையாது. ஈறு சிவந்து தொட்டாலே ரத்தம், வாயில் நாற்றம். அதைப் பெயர்த்தெடுக்கும்போது அடியில் இருக்கும் நல்ல எனாமலும் கொஞ்சம் போகும்.

“பல் போன இடத்தில் என்ன வைப்பது?”

கழற்றி மாட்டும் பல் செட், பக்கத்துப் பற்களைச் சீவி அவற்றின் மேல் கட்டும் பிரிட்ஜ், எலும்பில் டைட்டானியம் திருகு இறக்கும் இம்ப்ளாண்ட். சுவீடன்காரரான பிரனேமார்க் 1965இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு டைட்டானியம் இம்ப்ளாண்ட் வைத்தார். எலும்பு அதோடு ஒட்டிப் பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். புகை பிடிப்பவருக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம். அதனால் அப்பாவுக்கு இம்ப்ளாண்ட் என்றால் முதலில் சர்க்கரையைச் சரிசெய். பல் செட் வைத்திருப்பவர்கள் இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், பேஸ்ட் இல்லாமல் சோப்பால் தேய்க்க வேண்டும். பேஸ்ட் அதில் கீறல் விழவைக்கும்.

வெற்றிலை போடும் பாட்டிக்கு ஒரு சோதனை

தோட்டத்திலிருந்து வந்த நம் குடும்பங்களில் வெற்றிலைப் பாக்கு இன்னும் இருக்கிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அறிவித்திருக்கிறது. இந்நாட்டில் வாய்ப் புற்றுநோய் அதிகம் தாக்குவது இந்தியர்களை, அதிலும் நம் பெண்களை. பாட்டியின் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அவர் வாயில் நுழைக்கச் சொல். நுழையாத அளவுக்கு வாய் இறுகியிருந்தால், வெள்ளைத் திட்டு சிவப்புத் திட்டு தெரிந்தால், புண் இரண்டு வாரமாகியும் ஆறாவிட்டால் கூட்டிக்கொண்டு வா. வலி இல்லையே என்று விடாதே. ஆரம்பத்தில் அது வலிக்காது.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்

அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. பிடுங்குவது, அடைப்பது, ஸ்கேலிங் எல்லாம் சில வெள்ளியில் முடியும். செலவாவது நேரம்தான், காலையிலேயே போ. அழகு சிகிச்சையை அங்கே எதிர்பார்க்காதே. பெரிய வேலைக்குத் தனியார் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பீடங்களில் விசாரி. 1972இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகப் பீடம் பந்தாய் பக்கம் இருக்கிறது. போர்ட் கிள்ளானிலிருந்து கோமுட்டரில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் யுனிவர்சிட்டி ஸ்டேஷன். மாணவர்கள் விரிவுரையாளர் மேற்பார்வையில் பார்ப்பார்கள், மெதுவாகப் போகும், ஒவ்வொரு படியையும் சரிபார்த்துத்தான் அடுத்ததற்குப் போவார்கள்.

ரசீதை வீசாதே. 2024 வரி ஆண்டிலிருந்து, பதிவு பெற்ற பல் மருத்துவரிடம் செய்த பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு. வெள்ளையாக்கிய செலவை அதில் நுழைக்கப் பார்க்காதே.

கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணு

இரண்டு வருஷம் இருந்தால்: பிரேசஸ் தொடங்கலாம்.
ஆறு மாதம்: முழுப் பரிசோதனை, எக்ஸ்ரே, பிடுங்கவேண்டியது, ரூட் கெனால், அடைப்பு.
மூன்று மாதம்: ஸ்கேலிங். ஈறு வீக்கம் வற்ற நேரம் கொடு.
இரண்டு மாதம்: வேண்டுமானால் வெள்ளையாக்குவது.
மூன்று வாரம்: நிறம் நிலைத்த பிறகு முன்பல் அடைப்பு மாற்றுவது, பாண்டிங்.
கடைசி வாரம்: புதிதாக எதுவும் வேண்டாம். தாலி கட்டி முடிந்து விருந்து நடக்கும் நேரத்தில் கூசும் பல்லோடு பாயசம் குடிக்க முடியாது.

காசு கட்டுமுன் கேட்கவேண்டிய ஆறு கேள்வி

1. மருத்துவர் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றப் பதிவில் இருக்கிறதா? மன்றத்தின் இணையப் பக்கத்தில் பெயரைத் தட்டினால் தெரியும். இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்க வேண்டும்.
2. இதற்கு என் பல்லைச் சீவ வேண்டுமா? எவ்வளவு?
3. சீவாமல் செய்ய வேறு வழி உண்டா?
4. எத்தனை வருஷம் தாங்கும்? மாற்றும்போது எவ்வளவு ஆகும்?
5. சொன்ன விலையில் எக்ஸ்ரே, ரிட்டெய்னர், பின்னால் வரும் வருகைகள் எல்லாம் அடக்கமா? எழுதித் தருவீர்களா?
6. இப்போது ஒன்றும் செய்யாமல் ஆறு மாதம் விட்டால் என்ன ஆகும்?

ஆறாவது கேள்வியை மறக்காமல் கேள். சொத்தை என்றால் “விடாதே, பெரிதாகும்” என்பார்கள், உடனே செய்துகொள். அழகுக்கு மட்டும் என்றால் “ஒன்றும் ஆகாது” என்பதுதான் நேர்மையான பதில். அப்படிச் சொல்கிற மருத்துவரை விட்டுவிடாதே. “இன்றைக்கே முன்பணம் கட்டினால் பாதி விலை” என்று பதில் வந்தால், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடு.